மறைந்த மதில்: ஆங்கிலேய இயற்கைத் தோட்டக் கலை – ஒரு மதிப்பீடு

தோட்டத்தைக் குறிக்கும் சொற்களை மொழிதோறும் எடுத்து ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அரபு மொழியில் 'ஹதீக்கா' என்னும் சொல் சுற்றி வளைத்தல் என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. சுற்றுச்சுவர் உடைய தோட்டத்துக்கே அப்பெயர் உரியது என்று அகராதி ஆசிரியர்கள் விளக்கம் கூறுவர். 'ஃபிர்தௌஸ்' என்னும் சொல், சுற்றிலும் எழுப்பப்பட்ட மதிலைக் குறித்த பண்டைய ஈரானியச் சொல் ஒன்றோடு உறவுடையது. அதே சொல் கிரேக்கத்தின் வழியே ஐரோப்பிய மொழிகளில் புகுந்து 'பாரடைஸ்' ஆயிற்று. ஆங்கிலத்தின் 'கார்டன்' என்னும் சொல்லும் அடைக்கப்பட்ட இடம் என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்ததே. 'ஜன்னத்' மட்டும் சற்றே வேறுபட்டது. அதன் வேருக்கு மறைத்தல் என்பது பொருள். கண்ணுக்குப் புலப்படாத ஜின், கருவறையில் மறைந்திருக்கும் ஜனீன், அறிவு மறைக்கப்பட்ட மஜ்னூன் ஆகிய சொற்கள் யாவும் அவ்வேரில் கிளைத்தவை. மரங்களின் செறிவால் தரை மறைந்து கிடக்கும் இடமே ஜன்னத் எனப்பட்டது.

ஆக, தோட்டம் என்னும் கருத்தில் வளைத்தல், மறைத்தல் ஆகிய இரண்டும் தொன்றுதொட்டு அடங்கியுள்ளன. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒரு தோட்டக் கலை இவ்விரண்டையும் புதுமையான முறையில் இணைத்தது. அது வளைத்தலையே மறைத்தது. மதில் இருக்க, மதில் இல்லாதது போன்ற தோற்றத்தை உண்டாக்கியது. 'இயற்கைத் தோட்டம்' என்றும் 'ஆங்கிலேயத் தோட்டம்' என்றும் உலகெங்கும் புகழப்படும் அக்கலையின் வரலாறு, பெரும்பாலும் விடுதலையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அவ்வாறு எழுதுவது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

நேர்கோட்டிலிருந்து வளைகோட்டுக்கு

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அரசர்களுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கியது பிரான்சின் வெர்சாய் தோட்டம். 1660களில் தொடங்கி, பதினான்காம் லூயி மன்னருக்காக ஆந்த்ரே லெ நோத்ர் அதனை அமைத்தார். அரண்மனையின் நடுவிலிருந்து புறப்படும் நேரான நெடும்பாதை, அதன் இருமருங்கிலும் அளவெடுத்து வெட்டப்பட்ட செடிகள், கணித வடிவில் அமைந்த பூப்பாத்திகள், நீரூற்றுகள் என யாவும் ஒரே மையத்தை நோக்கியிருந்தன. அம்மையத்தில் மன்னர் இருந்தார்.

இதற்கு எதிரான குரல் இங்கிலாந்தில் முதலில் தோட்டக்காரர்களிடமிருந்து எழவில்லை; எழுத்தாளர்களிடமிருந்தே எழுந்தது. வில்லியம் டெம்பிள் 1685இல் எழுதி 1692இல் வெளியிட்ட கட்டுரையில், ஒழுங்கின்மையிலேயே அழகு காணும் சீனரின் தோட்ட முறையைக் குறிப்பிட்டார். 1712இல் ஜோசப் அடிசன் தமது 'ஸ்பெக்டேட்டர்' இதழில், கத்தரித்து வடிவமைத்த மரங்களைவிடத் தம் போக்கில் வளர்ந்த மரங்களே கண்ணுக்கு இனியவை என்று வாதிட்டார். நிலவுடைமையாளர் ஒருவர் தம் உடைமை முழுவதையுமே ஒரு காட்சியாக்கிக் கொள்ளலாமே என்னும் கருத்தையும் அவர் முன்வைத்தார். கவிஞர் அலெக்சாண்டர் போப் 1713இல் எழுதிய கட்டுரையிலும், டுவிக்கன்ஹாமில் தாமே அமைத்த தோட்டத்திலும் இதே வழியைப் பின்பற்றினார்.

கருத்து நிலத்தில் வடிவம் பெற்ற இடங்களுள் முதன்மையானது பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஸ்டோ. அதன் உரிமையாளர் காபம் பிரபு. முதலில் சார்லஸ் பிரிட்ஜ்மன், பின்னர் ஓவியராக வாழ்வைத் தொடங்கிய வில்லியம் கென்ட், அதன்பின் 1741 முதல் தலைமைத் தோட்டக்காரராக இருந்த லான்சிலட் பிரௌன் என மூன்று தலைமுறையினரின் கைவண்ணத்தை அங்குக் காணலாம். கென்ட் 1730களில் அமைத்த பள்ளத்தாக்கில் பிரித்தானியப் பெருமக்கள் 16 பேரின் மார்பளவுச் சிலைகளைக் கொண்ட மண்டபம் ஒன்று உள்ளது. மில்டன், நியூட்டன், லாக் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். பழங்காலத்தின் ஒழுக்கத்துக்கு முழுமையான கோயில் ஒன்றையும், அதன் அருகே சமகால ஒழுக்கத்துக்கு வேண்டுமென்றே இடிபாடாகக் கட்டிய மண்டபம் ஒன்றையும் காபம் எழுப்பினார். அன்றைய ஆட்சியாளர்களுக்கு எதிரான அரசியல் அங்கதம் அது.

ராபர்ட் வால்போலின் மகனான ஹொரேஸ் வால்போல் 1780இல் வெளியிட்ட நவீனத் தோட்டக் கலை வரலாறு, இச்செய்திகளையெல்லாம் ஒரே கதையாகக் கோத்தது. கென்ட் வேலியைத் தாண்டிப் பார்த்தபோது இயற்கை அனைத்தும் தோட்டமாகவே அவருக்குத் தோன்றியது என்பது அக்கதையின் உச்சம். நேர்கோடு கொடுங்கோன்மையின் அடையாளம், வளைகோடு சுதந்திரத்தின் அடையாளம் என்னும் சமன்பாடு இவ்வாறு நிலைபெற்றது. இன்றும் சுற்றுலாக் கையேடுகளில் அதன் எதிரொலியைக் கேட்கிறோம்.

ஒருபுறம் மட்டும் தெரியும் சுவர்

வேலியைத் தாண்டியது உண்மைதானா? இவ்வினாவுக்கு விடை 'ஹா-ஹா' என்னும் விந்தையான பெயருடைய ஓர் அகழியில் இருக்கிறது. அதன் விளக்கம் தெசாலியே தார்ஷான்வில் 1709இல் வெளியிட்ட பிரெஞ்சு நூலிலேயே காணப்படுகிறது. 1712இல் அந்நூல் ஆங்கிலமாக்கப்பட்டது. அதைப் பெருமளவில் பயன்படுத்தியவர் பிரிட்ஜ்மன். சுதந்திரத் தோட்டத்தின் அடிப்படைக் கருவியே பிரெஞ்சு நூலிலிருந்து வந்தது என்பதை வால்போலின் கதை அழுத்திச் சொல்வதில்லை.

ஹா-ஹாவின் அமைப்பு எளியது. தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே ஓர் அகழி வெட்டப்படும். தோட்டத்தை ஒட்டிய பக்கம் செங்குத்தாகக் கல்லாலோ செங்கல்லாலோ கட்டப்படும். மறுபக்கம் புல் போர்த்திய சரிவாக மெல்ல மேலேறும். மாளிகையின் சன்னலில் நின்று பார்ப்பவருக்குப் புல்வெளி எவ்விதத் தடையுமின்றி அடிவானம் வரை நீளும். தொலைவில் மேயும் மாடுகளும் தோட்டத்திலேயே மேய்வது போலத் தோன்றும். வயலிலிருந்து வருபவருக்கோ, அருகில் வந்ததும் எதிரே சுவர் நிற்கும்.

மாளிகையிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் இல்லை. வயலிலிருந்து வருபவருக்குச் சுவர் உண்டு. ஒரே சுவர் இருவருக்கு இருவேறு உண்மைகளைக் காட்டுகிறது. இக்கலையின் திறம், குறை ஆகிய இரண்டும் இங்கேயே அடங்கியிருக்கின்றன என்பது நமது கருத்து. வெர்சாயின் மதில் தன்னை மதில் என்று சொல்லிக்கொண்டது. ஸ்டோவின் மதில் அவ்வாறு சொல்லவில்லை.

பிரௌனின் கைத்திறம்

ஸ்டோவில் பயின்ற பிரௌன் (1716–1783) இக்கலையை நாடு முழுவதும் பரப்பினார். நார்த்தம்பர்லாந்தின் கிராமம் ஒன்றில் பிறந்த அவர், தம்மை அழைத்த பிரபுக்களிடம் 'உங்கள் நிலத்துக்குத் தக்க ஆற்றல் இருக்கிறது' என்று கூறும் வழக்கமுடையவர். அதனால் ஆற்றல் எனப் பொருள்படும் 'கேப்பபிலிட்டி' என்னும் அடைமொழி அவருக்கு நிலைத்தது. 170க்கும் மேற்பட்ட தோட்டங்களில் அவரது கை பட்டிருக்கிறது.

அவரது முறையில் பூப்பாத்தி இல்லை, சிலைகள் அரிது. மாளிகையின் வாயிற்படி வரை புல்வெளி வரும். ஆங்காங்கே மரக்கூட்டங்கள் நிற்கும். எல்லையை ஒட்டி அடர்ந்த மர வரிசை அண்டை நிலத்தை மறைக்கும். நடுவே ஆறு போல வளைந்து கிடக்கும் ஏரி ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளும் மரங்களுக்குள் மறைவதால் அது எங்கோ தொடங்கி எங்கோ செல்வதாக மயக்கம் உண்டாகும். பிளென்ஹைம் அரண்மனையில் 1764 முதல் அவர் செய்த பணி இதற்குச் சிறந்த சான்று. கிளைம் என்னும் சிற்றாற்றுக்கு அணையிட்டு, அரண்மனையின் பெரும் பாலத்துக்குப் பொருத்தமான ஏரியை உண்டாக்கினார். வான்ப்ரூ கட்டிய அப்பாலத்தின் கீழ்ப்பகுதி அறைகள் நீரில் மூழ்கின. இன்று அதைக் காண்போர், ஏரி என்றென்றும் அங்கேயே இருந்ததாக எண்ணுவர். பல்லாயிரம் வண்டி மண் அகழ்ந்து, அணை கட்டி, மரம் பெயர்த்து நட்டவர்களின் உழைப்பு அடியோடு மறைந்துபோவதே அக்கலையின் வெற்றி.

பிரௌனின் சமகாலத்தவர் எல்லாரும் இதில் மயங்கிவிடவில்லை. வில்லியம் சேம்பர்ஸ் 1772இல், இத்தகைய தோட்டங்களுக்கும் வெறும் வயல்வெளிக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று சாடினார். 1794இல் யூவ்டேல் பிரைஸும் ரிச்சர்ட் பெய்ன் நைட்டும், பிரௌனின் வழவழப்பு இயற்கையின் கரடுமுரடான அழகைக் கொன்றுவிட்டது என்று வாதிட்டனர். இவ்விவாதங்கள் நுட்பமானவை. ஆயினும் அவை முழுக்க முழுக்கக் கண்ணின் இன்பத்தைப் பற்றியவை. சுவருக்கு அப்பால் இருந்தவர் யார் என்னும் வினாவை அவ்விவாதத்தின் மையத்துக்கு யாரும் கொண்டுவரவில்லை.

அகற்றப்பட்டவை

அவ்வினாவை நாம் கேட்போம். ஸ்டோவில் ஒரு கிராமம் இருந்தது. அதன் பழைய தேவாலயம் மட்டும் இன்றும் தோட்டத்துக்குள் மரங்களால் மறைக்கப்பட்டு நிற்கிறது, கிராமம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஹார்கோர்ட் பிரபு 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூன்ஹாம் கோர்ட்னி கிராமத்தைத் தம் காட்சியிலிருந்து அகற்றி, நெடுஞ்சாலை ஓரத்தில் புதிய வீடுகளில் மக்களைக் குடியேற்றினார். ஊர்த் தேவாலயம் 1764இல் கிரேக்கக் கோயிலின் வடிவில் திருத்திக் கட்டப்பட்டுத் தோட்டத்தின் அணிகலன்களுள் ஒன்றாயிற்று. டார்செட்டில் மில்டன் பிரபு, தம் மாளிகையை அடுத்திருந்த ஒரு சந்தை நகரத்தையே இடித்துவிட்டு, மில்டன் அபாஸ் என்னும் புதிய கிராமத்தைக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தாக்கில் அமைத்தார். அத்திட்டத்தில் பிரௌனின் பங்கும் இருந்தது. ஒரே அச்சில் வார்த்தன போன்ற கூரை வேய்ந்த அவ்வீடுகள் இன்று அஞ்சலட்டைகளில் அழகிய காட்சியாகத் திகழ்கின்றன. ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட 'கைவிடப்பட்ட கிராமம்' என்னும் நெடுங்கவிதைக்கு நூன்ஹாம் கோர்ட்னியே தூண்டுதல் என்று பலர் கருதுகின்றனர்.

எல்லாப் பிரபுக்களும் இவ்வாறு செய்தனர் என்பது நியாயமாகாது. ஸ்டவர்ஹெட்டில் வங்கியாளர் ஹென்றி ஹோர் 1740களில் தொடங்கி அமைத்த புகழ்பெற்ற தோட்டத்தில், ஸ்டவர்ட்டன் ஊரின் தேவாலயமும் குடில்களும் காட்சியின் ஒரு பகுதியாகவே விட்டுவைக்கப்பட்டன. ஆனால் அங்கும் ஊர், பார்ப்பதற்குரிய பொருளாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனினும் பெரிய நிகழ்ச்சி ஒன்று இதே காலத்தில் நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பொதுவான மேய்ச்சல் நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றி வந்தது. 1604 முதல் 1914 வரை இத்தகைய 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களின் வழியே ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் வேலிக்குள் சென்றது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் வந்தவை. இச்சட்டங்களுக்குத் தோட்டக் கலைதான் காரணம் என்பது மிகையாகும். தானிய விலையும் வேளாண்மை மாற்றங்களுமே முதன்மைக் காரணங்கள். ஆயினும் அச்சட்டங்களால் பெரும்பயன் அடைந்த நிலவுடைமை வகுப்பினரே பிரௌனின் வாடிக்கையாளர்கள். தம் சன்னலுக்கு எதிரே வேலிகளை அகற்றிய அதே தலைமுறையினர், ஏழைகளின் மாடு மேய்ந்த பொது நிலத்தில் வேலி இட்டனர். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான்.

ஜான் கிளேர் (1793–1864) என்னும் உழவர் கவிஞர் இவ்விரு உலகங்களையும் அறிந்தவர். பிரௌன் நெடுங்காலம் பணிபுரிந்த பர்லி மாளிகையின் தோட்டத்தில் அவர் இளமையில் வேலை பார்த்தார். அவர் பிறந்த ஹெல்ப்ஸ்டன் ஊரின் பொது நிலத்தை அடைக்கும் சட்டம் 1809இல் இயற்றப்பட்டது. தம் கால் பழகிய பாதைகள் மூடப்பட்ட துயரம் அவர் கவிதைகளில் தொடர்ந்து ஒலிக்கிறது. வால்போலின் வரலாற்றைப் படிப்போர் கிளேரையும் சேர்த்துப் படித்தால்தான் சுவரின் இருபுறமும் தெரியும்.

பிரௌனுக்குப் பின் புகழ்பெற்ற ஹம்ஃப்ரி ரெப்டன் (1752–1818) ஒரு புதிய உத்தியைக் கையாண்டார். திருத்திய காட்சியை ஓர் ஓவியமாக வரைந்து, நிலத்தின் அன்றைய தோற்றத்தைக் காட்டும் ஒரு தாள்மடிப்பை அதன்மேல் ஒட்டுவார். மடிப்பைத் தூக்கினால் திருத்திய காட்சி தெரியும். 1816இல் வெளியான தம் நூலில், எசெக்ஸிலுள்ள தம் சிறு வீட்டின் முன்புறத்தையே அவர் இவ்வாறு காட்டியிருக்கிறார். முதல் ஓவியத்தில் ஊர்ப் புல்வெளியும், இறைச்சி தொங்கும் கடையும், வேலியோரம் நிற்கும் இரவலரும் தெரிகின்றனர். மடிப்பைத் தூக்கினால் வேலி முன்னே நகர்ந்திருக்கிறது, பொது நிலத்தில் ஒரு பகுதி தோட்டமாகியிருக்கிறது, இறைச்சிக் கடையை ரோஜாக் கொடி மறைத்திருக்கிறது, இரவலர் இல்லை. இக்கலையின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதவில்லை. எழுதியவரோ அதனைக் குறையாகக் கருதவில்லை.

தொழுகை இல்லாத பள்ளிவாசல்

நம் வாசகர்கள் பலரும் கேள்விப்பட்டிராத செய்தி ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். வேல்ஸ் இளவரசியாக இருந்து கைம்பெண்ணான அகஸ்டாவின் கியூ தோட்டத்துக்காக, மேலே குறிப்பிட்ட சேம்பர்ஸ் பல கட்டடங்களை எழுப்பினார். 1762இல் முடிந்த பத்து அடுக்குச் சீனக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் அருகே 'அல்ஹம்ரா' என்னும் பெயரில் ஒரு மண்டபமும், 1761இல் கட்டிய 'பள்ளிவாசல்' ஒன்றும் இருந்தன. பெரிய குவிமாடம் ஒன்று, சிறியவை இரண்டு, உச்சியில் பிறை, இருபுறமும் மனாராக்கள் என அது அமைந்திருந்தது. மூன்று வாயில்களின் மேலும் பொன் எழுத்துக்களில் அரபு வாசகங்கள் பொறிக்கப்பட்டன. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை, அல்லாஹ்வையன்றி இறைவன் இல்லை, இறைவனுக்கு உவமை கற்பிக்க வேண்டாம் என்பவை அவற்றின் கருத்து என்று சேம்பர்ஸ் 1763இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகிறார்.

தேர்ந்தெடுத்த வாசகங்கள் எத்துணை உயர்ந்தவை! அவற்றைத் தேர்ந்தவரின் புலமையையும் நாம் மதிக்கிறோம். ஆனால் அக்கட்டடத்தில் தொழுகை நடைபெறவில்லை; நடைபெற வேண்டும் என்னும் எண்ணமும் இல்லை. உலாவுவோர் ஒரு வளைவில் திரும்பும்போது கண்ணுக்கு விருந்தாக அது வைக்கப்பட்டது. பின்னர் சுவை மாறியதும் அகற்றப்பட்டது. இங்கிலாந்தில் தொழுகைக்கென்றே கட்டிய முதல் பள்ளிவாசல் வோக்கிங் நகரில் 1889இல்தான் எழுந்தது. இடைப்பட்ட 128 ஆண்டுகளை நினைத்துப் பார்ப்போர், நூன்ஹாமின் தேவாலயத்துக்கும் கியூவின் பள்ளிவாசலுக்கும் உள்ள ஒற்றுமையை உணர்வர். வழிபாட்டிடம், கிராமம், உழவர், அயல்நாடு ஆகிய யாவும் தூரத்திலிருந்து பார்க்கப்படும் காட்சிப் பொருளாவதே இக்கலையில் அவற்றுக்குக் கிடைத்த இடம்.

சீனத்துக்கும் இதே கதிதான். பீக்கிங்கில் சீனப் பேரரசரின் யுவான்மிங்யுவான் தோட்டத்தைப் பற்றிப் பிரெஞ்சுத் துறவி அத்திரே எழுதிய மடல் 1752இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, வளைகோட்டுத் தோட்டக் கலைக்குப் பெரும் ஊக்கம் தந்தது. 1860இல் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி பிரித்தானியப் படை அத்தோட்ட மாளிகைகளைத் தீக்கிரையாக்கியது.

தாஜ்மஹாலின் புல்வெளி

நேர்கோடு கொடுங்கோன்மை என்னும் சமன்பாடு இந்தியாவையும் தொட்டது. மொகலாயர்களின் 'சார்பாக்' தோட்டம் நான்கு பகுதிகளாகப் பகுக்கப்பட்டது. நீர்க்கால்கள் நேரானவை, மதில் உயரமானது, பழமரங்களின் நிழல் அதன் உயிர். தாஜ்மஹாலின் முன்னுள்ள தோட்டமும் அத்தகையதே. 1899 முதல் 1905 வரை அரசப் பிரதிநிதியாக இருந்த கர்சன் பிரபு அந்நினைவுச் சின்னத்தைச் சீரமைத்தார். 1904இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியவரும் அவரே. அதற்காக நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் அச்சீரமைப்பில் தோட்டத்தின் அடர்த்தி களையப்பட்டு, ஆங்கிலேயப் பூங்காவின் புல்வெளி அங்கு விரிந்தது. நிழலால் தரையை மறைக்கும் ஜன்னத், பார்வைக்குத் திறந்து கிடக்கும் காட்சிவெளியாயிற்று. வெயிலில் வெந்தபடி அதைக் கடக்கும் பார்வையாளர், இதுவே ஷாஜஹானின் தோட்டம் என்று நம்பிச் செல்கின்றனர்.

இதைச் சொல்லும்போது நம் முன்னோரின் தோட்டங்கள் ஏழைகளுக்காக அமைந்தவை என்று பெருமை பேசுவது முறையாகாது. தாஜ்மஹாலின் பராமரிப்புக்காக 30 கிராமங்களின் வருவாய் ஒதுக்கப்பட்டது. அவ்வூர் உழவர்கள் அத்தோட்டத்தில் உலாவியிருக்க மாட்டார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்கிராமங்களின் எண்ணிக்கையை அரசவை வரலாற்றாசிரியர் பதிவு செய்தார். மதிலும் மறைக்கப்படவில்லை. இது அரசனின் இடம், இது மனிதன் செய்தது என்று சார்பாக் வெளிப்படையாகவே சொன்னது. அதிகாரம் தன்னை ஒப்புக்கொள்ளும் இடத்தில் அதனைக் கேள்வி கேட்பதும் எளிது. இயற்கை என்னும் பெயரில் அது நிற்குமானால் யாரைக் கேட்பது?

முடிவாக

இக்கலையின் அழகை மறுப்பது நம் நோக்கமன்று. அது உலகுக்குத் தந்த நன்மையும் பெரிது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1847இல் திறக்கப்பட்ட பெர்க்கன்ஹெட் பூங்கா, பிரபுவின் தோட்டத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. 1850இல் அதைக் கண்டு வியந்த அமெரிக்கரான ஓம்ஸ்டெட், பின்னர் வோக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தார். நகரின் குறுக்குச் சாலைகளைத் தாழ்த்திப் பள்ளத்தில் செலுத்தி, உலாவுவோர் கண்ணில் படாமல் அவர்கள் மறைத்தது ஹா-ஹாவின் உத்தியே. இம்முறை அது எல்லாருக்கும் பயன்பட்டது. எனினும் அப்பூங்காவுக்காக 1857இல் அகற்றப்பட்ட குடியிருப்புகளுள், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த, ஏறத்தாழ 225 பேர் கொண்ட செனக்கா கிராமமும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

ஆகவே ஒரு தோட்டத்தை மதிப்பிடும்போது, அதன் கோடு நேரானதா வளைந்ததா என்பதோடு நில்லாமல், அதன் எல்லை எங்கே இருக்கிறது, அவ்வெல்லைக்கு அப்பால் யார் இருந்தார் என்றும் கேட்க வேண்டும். ஹா-ஹாவின் சுவரைக் காண ஒரே வழி, மாளிகையை விட்டு இறங்கி வயலுக்குச் சென்று திரும்பிப் பார்ப்பதுதான். திறனாய்வாளர் நிற்க வேண்டிய இடமும் அதுவே.